இடப்பக்கம் பார்க்கும் அட்டை

போன மாதம் காட்சித் தொடர்பியல் படிக்கிற பிள்ளைகள் சிலர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையை எடுத்து, அதன் வடிவமைப்பையும் மொழியையும் அலசி எழுதவேண்டும் என்று கல்லூரியில் வேலை கொடுத்திருக்கிறார்களாம். கையில் எங்கள் பழைய இதழ் ஒன்று. அதில் ஒரு பெண் விரலை வைத்து, "அங்கிள், கவர்ல இருக்குறவரு புத்தகத்தோட முதுகுப் பக்கம், தைச்ச பக்கம் பாக்குறாரே, வெளிப்பக்கம்தானே பாக்கணும்? இது டிசைன் மிஸ்டேக்தானே?" என்று கேட்டது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உடனே சிரிப்பும் வந்துவிட்டது. நான் போட்ட நூற்றுக்கணக்கான அட்டைகளை விட்டுவிட்டு அந்த ஒன்றையா பிடிக்கவேண்டும்! டீ கொடுத்து, ஏதோ இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பிவைத்தேன். ஆனால் அது இரண்டு வார்த்தையில் சொல்கிற சங்கதியா? உட்கார்ந்து எழுதினால்தான் தீரும்.

என் பெயர் காதர். 'வாசல் மேளம்' என்ற மாத இதழுக்கு அட்டை வடிவமைத்தவன். நாகசுரம், தவில் வாசிக்கிறவர்களுக்காகக் காரைக்காலிலிருந்து வருகிற இதழ் அது. இப்போதும் வருகிறது. என் கண்தான் மங்கியது, நான்தான் விலகினேன். நாகசுரப் பத்திரிகைக்கு ஒரு பாய் அட்டை போடுகிறாரா என்று வெளியூர்க்காரர்கள்தான் வாயைப் பிளப்பார்கள். எங்கள் ஊரில் ஒருத்தரும் கேட்டதில்லை.

தொழில் கற்ற கதை பெரிதாக ஒன்றுமில்லை. மீன்பிடிப் படகுகளுக்குப் பெயர் எழுதினேன். தியேட்டருக்கு விளம்பர ஸ்லைடு வரைந்தேன். கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்து அமைத்தேன். எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியபோது, என் பிள்ளைகள் வயதுப் பையன்களோடு சென்டரில் உட்கார்ந்து மௌஸைப் பிடிக்கக் கற்றேன். முதல் வாரம் அது எனக்கு அடங்கவே இல்லை, மேசையை விட்டு ஓடியது. பிறகு பிடிபட்டது. இரண்டாயிரம் பிறந்த கையோடு கலியபெருமாள் சாரிடம் சேர்ந்தேன்.

கலியபெருமாள் சார்தான் இதழின் ஆசிரியர். பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அதுதான் பயம். அட்டையைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே "அழகா இருக்கு பாய்" என்றார் என்றால், போச்சு, அந்த அட்டை குப்பைக்கு! "அழகா இருக்கு. ஆனா சத்தம் கேக்கலையே" என்பார். இசைப் பத்திரிகை அட்டையைக் கண்ணால் பார்க்கும்போது காதில் ஏதாவது விழவேண்டும் என்பது அவர் கட்சி. விழுந்துவிட்டால் ஒரே ஒரு சொல்தான் சொல்வார், "வொலா" என்று. பிரெஞ்சில் 'இதோ, ஆயிற்று' என்கிற மாதிரி. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை வாங்கினால் நான் பாக்கியவான்.

அட்டை வாசிப்பு என்று அவர் ஒரு முறை வைத்திருந்தார். கடற்கரைக்குப் போகிற சாலையில், ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். உப்புக் காற்றில் துருவேறிய ஒரு இரும்பு பீரோ அங்கே உண்டு. மாதிரிப் பிரதியைக் காந்தம் வைத்து அதன் கதவில் ஒட்டுவேன். சார் வாசற்படியிலிருந்து பார்ப்பார், பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்குகிற பத்திரிகையைப் போகிற போக்கில் பார்க்கிற மாதிரி. எது முதலில் கண்ணில் படுகிறது? பிறகு பக்கத்தில் வந்து எழுத்தையெல்லாம் உள்ளங்கையால் மறைத்துப் படத்தை மட்டும் பார்ப்பார். பிறகு படத்தைச் செய்தித்தாளால் மூடிவிட்டு எழுத்தை மட்டும் படிப்பார். "படம் சொன்னதையே எழுத்தும் சொன்னா, ரெண்டுல ஒண்ணு சும்மா உக்காந்து சம்பளம் வாங்குதுன்னு அர்த்தம்" என்பார்.

மொழி விஷயத்தில் இன்னும் கறார். சக்கரவர்த்தி, சிகரம், இமயம் எதையும் அட்டைக்குள் விடமாட்டார். ஆச்சரியக்குறியைக் கண்டால் அவருக்கு ஆகாது. "அதைப் போட்டா நாமளே கை தட்டிட்டோம் பாய். தட்டவேண்டியவரு படிக்கிறவரு." படத்துக்கும் சட்டங்கள் இருந்தன. நாகசுரத்தின் வாய் அட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, சத்தம் வெளியே போய்விடுமாம். முகம் எப்போதும் வலப்பக்கம், அதாவது அட்டையைத் திறக்கிற பக்கம் பார்க்கவேண்டும். "அவரு பாக்குற பக்கம்தான் நம்ம கை போகும், கை போனாத்தான் பக்கம் திரும்பும்." அந்தப் பெண் சொன்ன சட்டம் இதுதான். சாரிடம் நான் தலையில் குட்டுப் படாத குறையாகக் கற்றது.

இப்படி ஒரு மனிதர் இருக்கிற இடத்தில்தான் பஞ்சநாதத்தின் அட்டை வந்தது.

அம்பகரத்தூர் பஞ்சநாதம் தவில்காரர். அறுபதை ஒட்டிய வயது. நல்ல கை என்று தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள், ஆனால் எந்தப் பத்திரிகையிலும் அவர் முகம் வந்ததில்லை. சாருக்கு அவர் வாசிப்பு என்றால் உயிர். ரேடியோவிலும் கேசட்டிலும் கேட்டுக் கேட்டு உருகுவார். முட்டிவலியால் கோயில் கூட்டத்துக்குப் போவதை அவர் எப்போதோ விட்டிருந்தார். வெளியூர் நண்பர் ஒருவர் பஞ்சநாதத்தைப் பார்த்துக் கட்டுரை எழுதி, படமும் எடுத்து, நெகட்டிவோடு அனுப்பிவிட்டுச் சிங்கப்பூருக்கு விமானம் ஏறிவிட்டார். நெகட்டிவை நம் ஊர் ஸ்டுடியோவில் கொடுத்து ஸ்கேன் செய்து வாங்கினேன்.

படத்தைத் திரையில் திறந்தேன். கோயில் வாசலில் நின்றபடி, தோளில் பட்டை போட்டுத் தவிலை மாட்டிக்கொண்டு வாசிக்கிறார். முகம் இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. சார் என் தோளுக்குப் பின்னாலிருந்து குனிந்து பார்த்தார்.

"பாய், இது தலைகீழா வந்திருக்கு."

"நேராத்தானே சார் இருக்கு?"

"கையைப் பாருங்க. குச்சி வலது கையில இருக்கு. விரல் கூடு இடது கையில இருக்கு. ஸ்டுடியோக்காரன் நெகட்டிவைத் திருப்பி வச்சு ஸ்கேன் பண்ணிட்டான். கண்ணாடியில பாக்குற மாதிரி வந்திருக்கு."

தவிலை வலது கை விரல்களாலும் இடது கைக் குச்சியாலும் வாசிப்பார்கள். விரலில் மாட்டுகிற கடினமான உறைக்குத்தான் கூடு என்று பெயர். படத்தில் எல்லாம் இடம் மாறியிருந்தது. நெகட்டிவ் திரும்பிப் போவது அந்தக் காலத்தில் அடிக்கடி நடக்கிற கோளாறு. தவில் தெரிந்த யாரும் சார் சொன்னதைத்தான் சொல்லியிருப்பார்கள். தவில் தெரியாத ஒருவர் கையில் கிடைத்திருந்தால் அந்தப் படம் பிழைத்திருக்கும்.

திருப்பினேன். ஒரு கட்டளை, அவ்வளவுதான். அடடா, அதுவரை முரண்டு பிடித்த அட்டை தானாக வந்து உட்கார்ந்தது! முகம் வலப்பக்கம் பார்த்தது. குச்சி பிடித்த கை மேலே எழுந்து இதழின் பெயரைத் தொடுகிற மாதிரி நின்றது. கீழே 'பஞ்சநாதம் வாசிக்கிறார்' என்று இரண்டே சொல். பீரோவில் ஒட்டினோம். சார் வாசற்படியிலிருந்து பார்த்தார், கையால் மறைத்துப் பார்த்தார். "வொலா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சி.டி.யில் ஏற்றி, தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்து, கும்பகோணத்தில் இருக்கிற அச்சகத்துக்கு பஸ்ஸில் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனபோது ஒரு பிரதியை எடுத்துப்போய் ஷோகேஸ் மேல் சாய்த்துவைத்தேன். பெருமைதான், வேறென்ன. என் மனைவி ஜமீலா மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே அதைப் பார்த்தாள்.

"யாருங்க இது, நம்ம ஆளா?"

"நம்ம ஆளு எங்க மேளம் அடிக்கிறாரு, புள்ள! இவரு அம்பகரத்தூர்க்காரரு."

"அப்ப ஏன் வேட்டியை நம்ம பக்கம் கட்டியிருக்காரு?"

எங்கள் பக்கத்தில் இதைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். முஸ்லிம்கள் வேட்டியோ கைலியோ, மேல் முனையை இடப்பக்கம் கொண்டுவந்து கட்டுவோம். இந்துக்கள் வலப்பக்கம். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, அப்படித்தான் கை போகும். அட்டையில் பஞ்சநாதத்தின் வேட்டிக்கரை இடப்பக்கம் விழுந்திருந்தது.

தட்டைத் தள்ளிவைத்தேன். நாங்கள் திருப்பியது சரி என்றால் வேட்டி வலப்பக்கம் இருக்கவேண்டும். வேட்டி தப்பாக இருக்கிறது என்றால், திருப்பியதுதான் தப்பு. ஸ்டுடியோக்காரன் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறான். அப்படியானால் அந்த மனிதர்?

கையைக் கழுவினேனா என்றுகூட ஞாபகம் இல்லை. சைக்கிளை மிதித்து ஆபீசுக்கு ஓடினேன். சார் நம்பவில்லை. பீரோ முன்னால் போய் நின்றார். குனிந்து தன் வேட்டியைப் பார்த்தார். என் கைலியைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். யாராவது மாடியேறி வந்திருந்தால், இந்த இரண்டு கிழங்களும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று சிரித்திருப்பார்கள்.

"அப்படின்னா அவரு இடது கைக்காரரு" என்றார் சார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ரேடியோவுல கை தெரியாதே பாய்."

அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. எங்கள் இதழைப் படிக்கிறவர்கள் பூராவும் மேளக்காரர்கள். பஞ்சநாதத்தோடு நின்று வாசித்தவர்கள். அவர் எந்தக் கைக்காரர் என்று எங்களைத் தவிர அத்தனை பேருக்கும் தெரியும். அட்டை வெளியே வந்தால், அவரே வெட்கப்பட்டுக் கையை மாற்றிப் போடச் சொல்லியிருக்கிறார் என்றுதான் பேசுவார்கள். முதல் தடவையாக அவர் முகம் வருகிற அட்டை, அவரைப் பார்த்துச் சிரிப்பதற்காகவா வரவேண்டும்?

அச்சகத்துக்கு போன் போட்டோம். "சி.டி. வந்துடுச்சு சார், பிளேட் போடப் போறோம்" என்றார்கள். நிறுத்தி வையுங்கள் என்றார் சார். "சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க சார், அதுக்கு மேல மிஷின் நமக்குக் கிடைக்காது" என்றார் அச்சகக்காரர். பழைய படத்தையே போட்டுவிடலாமே சார் என்றேன். சார் வேண்டாம் என்று தலையசைத்தார். "நேத்து ஊகத்துலதான் திருப்பினேன். இன்னைக்கும் ஊகத்துல திருப்ப மாட்டேன். அவரைப் பாக்கணும். பஸ் எப்ப?"

முட்டிவலிக்காரர் படி ஏற முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார். திருப்பியது ஒன்று, திருப்பாதது ஒன்று, இரண்டு பிரதியும் என் பையில் இருந்தன.

பஞ்சநாதம் எங்களைப் பார்த்ததும் பதறிப்போய்த் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "நீங்க இம்மாம் தூரம் வரலாங்களா? ஆள் சொல்லிவிட்டா நான் வந்திருப்பேனே. உள்ள வாங்க, உக்காருங்க." காப்பி வந்தது. அவரே எடுத்து நீட்டினார், வலது கையால். டம்ளர் சாய்ந்து, சாரின் வேட்டியில் பாதி சிந்தியது. "ஐயோ, மன்னிச்சுக்குங்க" என்று துடித்தார். அவருடைய இடது கை அவ்வளவு நேரமும் முதுகுக்குப் பின்னால் இருந்தது. இடது கையால் எதையும் கொடுக்கக் கூடாது, வாங்கக் கூடாது அல்லவா, அதனால் அந்தக் கையை மறைத்தே பழகியிருக்கிறார். கேட்கவேண்டியது இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

சார் சுற்றி வளைக்கவில்லை. திருப்பிய அட்டையை நீட்டி, "உங்க படத்தை மாத்திப் போட்டுட்டோம். தப்பு என்னுதுதான்" என்றார்.

பஞ்சநாதம் அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"நல்லா இருக்குங்க" என்றார். "எங்க அப்பா பாத்திருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு."

சின்ன வயதில் அவர் அப்பா அவருடைய இடது கையைத் துண்டால் தூணோடு கட்டிவைத்துப் பழக்கப் பார்த்தாராம். வலது கைக்கு வரவே இல்லை. தவிலை மட்டும் விடமுடியவில்லை. "கோயில்ல வாசிப்பேங்க, ஊர்வலத்துல வாசிப்பேன், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. கல்யாணத்துல மட்டும், தாலி கட்டுற நேரத்துல, 'பஞ்சநாதம், நீ கொஞ்சம் தள்ளி நில்லு'ன்னு சொல்லிடுவாங்க. நல்ல காரியத்துல இடது கை முன்னால வரவேணாமாம். கெட்டிமேளம் வேற ஆளு வாசிப்பாரு. நான் தவிலைத் தோள்ல போட்டுக்கிட்டு சும்மா நிப்பேன்." அட்டையை விரலால் தடவினார். "இப்படியே போட்டுடுங்க. ஒரு தடவையாவது எல்லாரையும் மாதிரி இருந்துட்டுப் போறேன்."

சார் என்னைப் பார்த்தார். அவர் படம், அவரே கேட்கிறார், மாட்டேன் என்று சொல்ல நாங்கள் யார்? வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அச்சகக்காரர் காத்திருக்கிறார்.

அப்போது அவர் மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எட்டிப் பார்த்தார்.

"யாரு இது?"

"நான்தாண்டி."

"நீங்களா? இந்த ஆளை எனக்குத் தெரியாது." இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "இத்தனை வருசமா இந்த வீட்டுக்குச் சோறு போட்டது எந்தக் கைங்க? அதை மாத்திப் போட்டுட்டு நாளைக்கு நாலு மேளக்காரங்க முன்னாடி எந்த மூஞ்சியோட நிப்பீங்க? தள்ளி நில்லுன்னு சொன்னவன் சொன்னதெல்லாம் சரின்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?"

நான் பையிலிருந்து இன்னொரு பிரதியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதையும் பார்த்தார், இதையும் பார்த்தார். பார்க்கப் பார்க்க, முதுகுக்குப் பின்னாலிருந்த இடது கை முன்னால் வந்துவிட்டது. அவருக்கே தெரியாமல் விரல்கள் தொடையில் தட்ட ஆரம்பித்தன. திருப்பாத படத்தின் மேல் விரலை வைத்தார்.

"இவரு வாசிக்கிறாருங்க" என்றார். பிறகு மற்றதைக் காட்டி, "அவரு சும்மா நிக்கிறாரு."

சார் முன்னால் குனிந்தார். "சத்தம் கேக்குதா?"

"கேக்குதுங்க. நல்லா கேக்குது." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதையே போடுங்க. ஆனா கையைப் பத்தி ஒரு வரியும் எழுதிடாதீங்க. பாக்குறவங்க பாத்துக்கட்டும்."

தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனோம். இரண்டு தடவை லைன் கிடைக்கவில்லை. மூன்றாம் தடவை அச்சகக்காரர் எடுத்தார். "நீங்க சொன்னதால தொடவே இல்ல சார். வேற அட்டை அனுப்புங்க, காலைல முதல் வேலையா போட்டுடறேன்." அல்ஹம்துலில்லாஹ்! போன உயிர் திரும்பி வந்தது. நான் அங்கிருந்த கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சார் கடையில் சோடா வாங்கி, பாதியைத் தான் குடித்து, பாதியை என்னிடம் நீட்டினார். இரண்டு பேரும் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தோம். பஸ் வந்ததைக்கூடக் கவனிக்காமல் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்தோம்.

அன்று இரவே அட்டையைப் புதிதாகப் போடவேண்டியதாயிற்று. முகம் இப்போது மறுபடி இடப்பக்கம், புத்தக முதுகைப் பார்த்தது. சாரின் சட்டப்படி தப்பு. "சட்டம் கிடக்கட்டும் பாய்" என்று சாரே சொன்னார். எனக்கு ஒரு யோசனை வந்தது. கீழே கிடந்த எழுத்தை எடுத்து இடப்பக்கம், அவர் கண் போகிற இடத்தில் வைத்தேன். பஞ்சநாதம் இப்போது தன் பெயரையே பார்த்துக்கொண்டு வாசித்தார். முகத்தில் இருந்த மெல்லிய சிரிப்பு அதற்குப் பிறகுதான் எங்கள் கண்ணில் பட்டது. சாருக்கு 'இடது கை' என்று ஒரு வார்த்தையாவது சேர்க்கவேண்டும் என்று ஆசை. எழுத்தை மறைத்துப் பார்த்தார், படத்தை மறைத்துப் பார்த்தார். "வேணாம். கையைப் படம் சொல்லுது. பேரை எழுத்து சொல்லுது. யாரும் சும்மா இல்ல" என்றார். 'பஞ்சநாதம் வாசிக்கிறார்', அவ்வளவே.

இதழ் வந்த அன்று பஞ்சநாதம் காரைக்காலுக்கே வந்துவிட்டார். சலவை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. சார் எழுந்து நின்று இதழை எடுத்து நீட்டினார். அட்டையைப் பார்த்த மாத்திரத்தில் பஞ்சநாதத்தின் இடது கை சட்டென்று முன்னால் நீண்டுவிட்டது. நீண்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. முகம் செத்துப்போய், "ஐயோ" என்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு வலது கையை நீட்டினார்.

சார் கொடுக்கவில்லை. இதழைப் பிடித்தபடியே நின்றார்.

"அந்தக் கையாலேயே வாங்கிக்குங்க" என்றார். "அதுக்குத்தானே போட்டிருக்கோம்."

பஞ்சநாதம் என்னைப் பார்த்தார், சாரைப் பார்த்தார். பிறகு மெல்ல இடது கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.